நின்று பயிலும் ஆசனங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

இறைவனின் திருவுருவங்களை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூவகையாகப் பகுத்து வணங்குவது நம் மரபு. திருவரங்கத்தில் அரங்கநாதர் அரவணையில் பள்ளிகொண்டிருக்கிறார். கல்லாலின் கீழ்த் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கிறார். திருமலையில் வேங்கடவனும், பழனி மலையில் தண்டேந்திய முருகனும் நின்றே அருள்புரிகின்றனர். 2006-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பத்துமலை அடிவாரத்தில் திறந்துவைக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயரமுள்ள முருகப்பெருமானின் திருவுருவமும் நின்ற கோலமே ஆகும். சிற்ப நூலார் இந்நின்ற கோலத்தையும் மேலும் நுணுகிப் பகுத்தனர். உடலின் எடை இரு பாதங்களிலும் ஒப்ப நிற்பது சமபங்கம். சற்றே வளைந்து நிற்பது அபங்கம். தலை, இடை, கால் என மூவிடத்து வளைவு கொண்டது திரிபங்கம்.

இறைவனின் நின்ற கோலத்தை நாள்தோறும் வணங்கும் நாம், நாம் நிற்கும் நிலையைப் பற்றி எண்ணிப் பார்ப்பது அரிது. ஆலயத்தில் தீபாராதனை முடியும்வரை நிற்க இயலாமல் தூணைப் பற்றிக்கொள்ளும் முதியோரை நாம் காண்கிறோம். பிரகாரம் வலம் வரும்போது கால் தடுமாறுவோரையும், பத்துமலையின் 272 படிகளையும் கீழிருந்தே அண்ணாந்து பார்த்துக் கைகூப்பித் திரும்புவோரையும் காண்கிறோம். கால்களில் வலிமையும் உடலில் சமநிலையும் குன்றிய பின்னரே அவற்றின் அருமை நமக்குப் புலனாகிறது.

இவ்விரண்டையும் வளர்ப்பதற்கென்றே யோகப் பயிற்சியில் ஒரு பிரிவு உண்டு. தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம், வீரபத்திராசனம் முதலாக நின்று பயிலும் ஆசனங்களே அவை. இவற்றைக் கற்பிப்போர் பலர், "இவையெல்லாம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் முனிவர்கள் வகுத்தவாறே நமக்குக் கிடைத்தவை" என்று கூறுவதுண்டு. அக்கூற்று எந்த அளவுக்கு உண்மையானது? நூல்களும் சிற்பங்களும் தரும் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவத்தில் நின்றோர்

நிற்பதை ஒரு சாதனையாகக் கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழைமையானது என்பதில் ஐயமில்லை. வானத்துக் கங்கையை மண்ணுலகிற்குக் கொணரப் பகீரதன் தவம் நின்றான். பாசுபதாத்திரம் வேண்டிச் சிவபெருமானை நோக்கி அருச்சுனன் தவம் நின்றான். சென்னைக்கு அருகில் உள்ள மாங்காட்டுத் திருத்தலத்தின் தலபுராணம், அன்னை காமாட்சி நெருப்பின் நடுவே ஊசிமுனையில் ஒற்றைக் காலை ஊன்றித் தவம் இயற்றியதாகக் கூறுகிறது.

கல்லில் காணும் சான்று இன்னும் தெளிவானது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்துப் பாறையில் செதுக்கப்பெற்ற பெரும் புடைப்புச் சிற்பத்தை அருச்சுனன் தவம் என்பாரும் உளர்; பகீரதன் தவம் என்பாரும் உளர். அதில் விலா எலும்புகள் தெரிய உடல் மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறார். அருகில் சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார். இன்று விருட்சாசனம் பயில்வோர் அச்சிற்பத்தைக் கண்டால், தம் ஆசனத்தையே கல்லில் கண்டதாக வியப்பர்.

சமண சமயத்தாரும் நின்ற நிலையைப் போற்றினர். உடலின் மேல் உள்ள பற்றினை விட்டு அசையாது நிற்பதை அவர்கள் காயோத்சர்க்கம் என்பர். கருநாடகத்துச் சிரவணபெளகொளாவில் 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாமுண்டராயர் அமைத்த, ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள கோமதேசுவரர் சிலை அந்நிலையையே காட்டுகிறது. கொடிகள் கால்களிலும் கைகளிலும் படர்ந்தேறும் அளவுக்கு நெடுங்காலம் அவர் அசையாது நின்றார் என்பதைச் சிற்பி கல்லிலேயே வடித்துள்ளார்.

எனினும், இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். தவசி நின்றது உடலை ஒறுப்பதற்காக. பசியையும் வெயிலையும் வலியையும் பொறுத்து மனவுறுதியைக் காட்டுவதற்காகவே அவர் நின்றார். கால் தசைகளை வலுப்படுத்துவது அவருடைய நோக்கமன்று. இன்று நாம் பயிலும் நின்ற ஆசனங்களோ உடலைப் பேணுவதற்காக அமைந்தவை. தோற்றம் ஒன்றாக இருப்பினும் நோக்கம் வேறு. ஆகவே, தவத்தின் பழைமையை ஆசனப் பயிற்சியின் பழைமை எனக் கொள்வது பொருந்தாது. ஆசனத்தின் வரலாற்றை அறிய யோக நூல்களையே நாட வேண்டும்.

யோக நூல்கள் கூறுவன

ஆசனம் என்னும் சொல்லுக்கே இருக்கை என்பதுதான் முதற்பொருள். பதஞ்சலி முனிவரின் யோகசூத்திரம், எட்டு அங்கங்களில் மூன்றாவதாக ஆசனத்தை வைத்து, அதனை மூன்றே சூத்திரங்களில் கூறி முடிக்கிறது. உறுதியும் இன்பமும் உடையதாக ஆசனம் அமைய வேண்டும் என்பதே அதன் சாரம். எந்த ஆசனத்தையும் பதஞ்சலி பெயர் சுட்டிக் கூறவில்லை. அந்நூலுக்கு உரைகண்ட வியாசர் பத்மாசனம், வீராசனம், பத்திராசனம் முதலிய சிலவற்றைப் பெயர் கூறிச் சுட்டினார். அவை பெரும்பாலும் தியானத்திற்கு அமரும் நிலைகளே.

தமிழில் யோகத்தை விரித்துரைத்த பெருநூல் திருமூலரின் திருமந்திரம். அதன் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைக் கூறுவது. ஆங்கு ஆசனப் பகுதியில் பத்மாசனம், பத்திராசனம், கோமுகாசனம், சிங்காசனம், சுகாசனம் முதலியன கூறப்பெறுகின்றன. இவையும் அமர்ந்து பயில்வனவே. உடம்பை இழிவென்று ஒதுக்காது, இறைவன் உறையும் இடமென்று பேண வேண்டும் என்னும் பெருங்கருத்தைத் திருமூலர் தந்தார். நின்று பயிலும் ஆசனங்களை அவர் அங்கே விரித்துரைக்கவில்லை.

15-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, ஹடயோக நூல்களில் தலைமையானது. அந்நூல் 15 ஆசனங்களைக் கூறுகிறது. பத்மாசனம், சித்தாசனம், மச்சேந்திராசனம், மயூராசனம், தனுராசனம், சவாசனம் ஆகியன அவற்றுள் அடங்கும். அப்பதினைந்தில் நின்று பயிலும் ஆசனம் ஒன்றேனும் இல்லை! மூச்சையும் மனத்தையும் அடக்கி நெடுநேரம் அமர்ந்திருப்பதற்கு உடலை ஆயத்தப்படுத்துவதே அந்நூலாரின் நாட்டமாக இருந்தது. அவருக்கு நிற்பதைவிட அமர்வதே தேவைப்பட்டது.

மரம் முளைத்த கதை

நின்ற ஆசனம் ஒன்று நூலில் தெளிவாகக் கூறப்பெறுவதைப் பின்னர் எழுந்த கேரண்ட சம்ஹிதையில் காண்கிறோம். ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டையொட்டி எழுந்ததாகக் கருதப்பெறும் அந்நூல் 32 ஆசனங்களைத் தருகிறது. அவற்றுள் ஒன்று விருட்சாசனம். ஒரு பாதத்தை மற்றைக் காலின் தொடையடியில் வைத்து, நிலத்தில் மரம் போல நிற்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். மாமல்லபுரத்துத் தவசியின் நிலை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் ஆசனமாக நூலில் இடம்பெற்றது எனலாம்.

அண்மைக் கால ஆய்வுகள் மற்றொரு நூலையும் வெளிச்சத்திற்குக் கொணர்ந்துள்ளன. ஹடாப்யாசபத்ததி என்பது அதன் பெயர். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக ஆய்வாளர்கள் கருதும் இந்நூல் 112 ஆசனங்களை ஆறு பிரிவுகளாக வகுத்துக் கூறுகிறது. மல்லாந்து பயில்வன, குப்புறக் கிடந்து பயில்வன, கயிற்றைப் பற்றிப் பயில்வன என்பன போன்ற பிரிவுகளோடு, நின்று பயில்வன என்பதும் அதில் தனிப் பிரிவாகவே அமைந்துள்ளது. உடலுக்கு உரமூட்டும் பயிற்சியாக ஆசனங்களைக் காணும் பார்வை, ஆங்கிலேயரின் உடற்பயிற்சிக் கூடங்கள் இங்கு வருவதற்கு முன்னரே நம் நாட்டில் அரும்பியிருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

அந்நூலின் ஆசனங்கள் பல மைசூரைச் சென்றடைந்தன. மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூல் 122 ஆசனங்களை வண்ண ஓவியங்களுடன் காட்டுகிறது. ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், அதே மைசூர் அரண்மனையில்தான் நின்று பயிலும் ஆசனங்கள் இன்றைய வடிவத்தை எய்தின.

மைசூர் அரண்மனை யோகசாலை

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-ஆம் ஆண்டு கருநாடகத்துச் சித்ரதுர்க்க மாவட்டத்தில் பிறந்தவர். வடமொழியிலும் தரிசன நூல்களிலும் ஆயுர்வேதத்திலும் துறைபோகியவர். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933-ஆம் ஆண்டு மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் அவருக்கென ஒரு யோகசாலை ஏற்படுத்தப்பெற்றது. 1934-ஆம் ஆண்டு அவர் எழுதிய யோக மகரந்தம் கன்னடத்தில் வெளியாயிற்று. 1938-ஆம் ஆண்டு அதன் தமிழ்ப் பதிப்பும் வெளிவந்தது.

அவரிடம் பயின்றோர் பெரும்பாலும் சிறுவரும் இளைஞரும் ஆவர். துடிப்பு மிக்க அவ்வயதினரை நெடுநேரம் பத்மாசனத்தில் அமர்த்த இயலுமா? நின்றும் குனிந்தும் வளைந்தும், மூச்சுக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து செய்யும் ஆசனங்களே அவர்களுக்கு ஏற்றவையாயின. அதே காலத்தில் ஔந்து சமஸ்தானத்து அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி சூரிய நமஸ்காரத்தை அன்றாட உடற்பயிற்சியாக நாடெங்கும் பரப்பிக்கொண்டிருந்தார். மல்யுத்தப் பயிற்சியாளரின் கரலாக்கட்டையும் தண்டாலும் ஒருபுறம். படைவீரர்களின் அணிப்பயிற்சியும் ஐரோப்பிய உடற்பயிற்சி முறைகளும் மறுபுறம். இவையனைத்தும் கலந்து உலவிய காலம் அது.

2010-ஆம் ஆண்டு மார்க் சிங்கிள்டன் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட நூலொன்று, இன்றைய நின்ற ஆசனங்கள் பல அக்காலத்து ஐரோப்பிய உடற்பயிற்சிகளை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டிற்று. அதனைப் படித்து மனம் வருந்தியோர் உண்டு, சினந்தோரும் உண்டு. எனினும் ஹடாப்யாசபத்ததி போன்ற நூல்களும் நம் பக்கத்துச் சான்றுகளாக நிற்கின்றன. இரண்டையும் நடுநிலையோடு நோக்குவோர்க்கு உண்மை விளங்கும். நம் மண்ணில் முன்னரே இருந்த விதை, 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், பல திசைக் காற்றையும் ஏற்று மரமாயிற்று.

நோயுற்ற சிறுவர் உலக ஆசிரியரானார்

கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவருள் பி.கே.எஸ். ஐயங்கார் இன்றியமையாதவர். 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கோலார் மாவட்டத்துப் பெள்ளூர் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், இளமையிலேயே மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்தவர். இவருடைய தமக்கையாரை மணந்தவர் கிருஷ்ணமாச்சாரியார். 1934-ஆம் ஆண்டு மைத்துனரின் அழைப்பை ஏற்று மைசூர் சென்ற அந்நோஞ்சான் சிறுவர், ஆசனப் பயிற்சியால் உடல்நலம் தேறினார். 1937-ஆம் ஆண்டு, பதினெட்டாம் அகவையில், ஆசிரியராகப் புனே நகருக்கு அனுப்பப்பெற்றார்.

1966-ஆம் ஆண்டு வெளியான இவருடைய 'லைட் ஆன் யோகா' என்னும் நூல் 200 ஆசனங்களைப் படங்களுடன் விளக்குகிறது. அந்நூலில் முதலாவதாக வைக்கப்பெற்றது தாடாசனம். எவ்வித முயற்சியுமின்றி எல்லாரும் செய்வதாக எண்ணும் 'நேராக நிற்றல்' என்பதையே அவர் முதற்பாடமாக்கினார். அதனையடுத்து விருட்சாசனம், அதனையடுத்துத் திரிகோணாசனம். இவ்வாறு நின்ற ஆசனங்களே தொடக்கநிலை மாணவர்க்கு உரியவை என்னும் முறை உலகெங்கும் வேரூன்றியது. சுவர், கயிறு, மரக்கட்டை, நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு முதியோரும் நோயுற்றோரும் ஆசனம் பயில வழிகாட்டியதும் இவர் செய்த பெருந்தொண்டு. 2014-ஆம் ஆண்டு தம் 95-ஆம் அகவையில் இவர் மறைந்தார்.

மலாயாவில் பணிபுரிந்த மருத்துவர்

யோக வரலாற்றில் நம் மலேசிய மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. பத்தமடையில் 1887-ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்னும் இளம் மருத்துவர் 1913-ஆம் ஆண்டு மலாயாவுக்குக் கப்பலேறினார். நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கு அருகிலிருந்த தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூர்பாருவிலும் பத்தாண்டுக் காலம் பணியாற்றினார். தோட்டங்களில் உழைத்த நம் பாட்டன் பூட்டன்மார்க்கு மருந்து கொடுத்த கை அது. 1923-ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், 1924-ஆம் ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். உலகம் அவரைச் சுவாமி சிவானந்தர் என்று அறியும். 1936-ஆம் ஆண்டு அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் பத்துமலையிலும் அமைந்திருப்பது நாம் அறிந்ததே.

மருத்துவராக உடலின் நோயைக் கண்டவர் ஆதலின், யோகத்தைத் துறவியர்க்கு மட்டும் உரியதாக வைக்காமல் இல்லறத்தாருக்கும் எளிய நடையில் எடுத்துரைத்தார் சிவானந்தர். அவருடைய சீடர் சுவாமி விஷ்ணுதேவானந்தர் (1927–1993) மேலைநாடுகளில் பரப்பிய பன்னிரண்டு அடிப்படை ஆசனங்களில் தலைகீழ் நிலையாகிய சிரசாசனம் முதலில் நிற்கிறது. நின்று செய்யும் பாதஹஸ்தாசனமும் திரிகோணாசனமும் இறுதியில் வருகின்றன. ஐயங்கார் மரபில் முதலில் வருவது இம்மரபில் முடிவில் வருகிறது. பெரியோர் இருவரின் வழியிலும் பயின்று நலம் பெற்றோர் பலர் உளர். ஆசனங்களின் வரிசை ஆசிரியர்தம் அனுபவத்தால் அமைந்தது. மாற்றவொண்ணாத விதியாக வானிலிருந்து இறங்கியதன்று என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

புதுமை குறையாகுமா?

இதுகாறும் கண்டவற்றால், நின்று தவமியற்றும் வழக்கம் மிகத் தொன்மையானது என்பதும், நின்று பயிலும் ஆசனங்கள் நூல்களில் இடம்பெற்றது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குள் என்பதும், இன்றைய முறையில் அவை வகுக்கப்பெற்று நூறாண்டுகளே ஆகின்றன என்பதும் புலனாகும். இதனைக் கேட்டு ஒரு சிலர், "அப்படியாயின் அவற்றுக்கு மதிப்பில்லையா?" என வினவக்கூடும்.

நம் கருநாடக இசையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதில் பக்கவாத்தியமாக விளங்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதனை நம் இசைக்கு ஏற்றவாறு கையாண்டு நிலைநிறுத்தினார். இன்று வயலின் இல்லாத இசையரங்கை எண்ணிப் பார்க்க இயலுமா? நம் நாட்டு ஆலயங்களையே எடுத்துக்கொள்வோம். தோட்டப்புறங்களில் அத்தாப்புக் கூரையின் கீழ் நட்ட கல்லும் சூலமுமாகத் தொடங்கிய கோயில்கள் பல இன்று இராஜகோபுரத்துடன் விளங்குகின்றன. கோபுரம் நேற்று எழுந்தது என்பதால் அதனைக் கண்டு கைகூப்பாமல் செல்வார் யார்?

ஒரு பொருளின் பெருமையை அதன் வயதைக் கூட்டிச் சொல்லித்தான் நிலைநாட்ட வேண்டும் என்பதில்லை. மிகைப்படக் கூறுவோமாயின், நம் இளைய தலைமுறையினர் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் உண்மையை அறியும் நாளில், நாம் கூறிய மெய்யானவற்றையும் ஐயுறத் தொடங்குவர். தம் சமயத்தைப் பற்றிப் பெற்றோர் கூறுவது மெய்யென்று பிள்ளைகள் நம்புவது பெருஞ்செல்வம். ஆயிரம் ஆண்டு கூட்டிச் சொல்லும் பெருமைக்காக அச்செல்வத்தை இழத்தல் தகாது.

நிற்பதனால் விளையும் நன்மை

நாம் நிற்கும்போது சமநிலையைக் காப்பவை மூன்று. கண்கள் சுற்றுப்புறத்தைக் கண்டு அறிவிக்கின்றன. உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் அசைவை உணர்த்துகின்றன. பாதம், கணுக்கால், முழங்கால் ஆகியவற்றின் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்பு முனைகள் உடலின் நிலையை மூளைக்குத் தெரிவிக்கின்றன. முதுமையில் இம்மூன்றும் மங்குகின்றன, தசைகளும் மெலிகின்றன. ஒற்றைக் காலில் நிற்கும்போது தாங்குதளம் குறுகுவதால், கணுக்காலும் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளும் இடைவிடாது உழைத்து உடலைச் சாயாமல் காக்கின்றன. நடக்கும்போதும் படியேறும்போதும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம் என்பதை நினைவிற்கொண்டால், விருட்சாசனத்தின் பயன் எளிதில் விளங்கும்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதனால் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாள்களாவது சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டுமென 2020-ஆம் ஆண்டு அந்நிறுவனம் பரிந்துரைத்தது. 2022-ஆம் ஆண்டு வெளியான பிரேசில் நாட்டு ஆய்வொன்றில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைச் சோதித்தபோது, ஐவருள் ஒருவரால் பத்து விநாடிகள்கூட ஒற்றைக் காலில் நிற்க இயலவில்லை. அவ்வாறு நிற்க இயலாதோரிடையே பின்வந்த ஆண்டுகளில் இறப்பு மிகுதியாக இருந்தது. ஒற்றைக் காலில் நிற்பது ஆயுளை நீட்டும் என்று இதற்குப் பொருளன்று. உடலின் பொதுவான வலிமையை அது காட்டும் என்பதே பொருள்.

பயில விரும்புவோர் தாடாசனத்தில் தொடங்கலாம். பாதங்களைச் சேர்த்தோ, சிறிதளவு அகற்றியோ வைத்து, எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் ஒப்பப் பரவுமாறு நின்று, முழங்காலை விறைக்காமல், முதுகை நிமிர்த்தி, இயல்பாக மூச்சு விடுதல் வேண்டும். சிற்ப நூலார் கூறிய சமபங்கம் இங்கே நினைவுக்கு வரும். விருட்சாசனத்தில் ஒரு பாதத்தை மற்றைக் காலின் உள்தொடையில் வைக்க வேண்டும். இயலாதோர் கெண்டைக்காலிலோ கணுக்காலின் அருகிலோ வைக்கலாம். முழங்கால் மூட்டின்மேல் மட்டும் வைத்து அழுத்தலாகாது. கண்ணுக்கு நேரே ஒரு புள்ளியை நோக்கினால் தடுமாற்றம் குறையும்.

வீரபத்திராசனத்தின் பெயரைக் கேட்டதும் தக்கன் வேள்வி நினைவுக்கு வரும். சிவபெருமான் நிலத்தில் அறைந்த சடையினின்று எழுந்த வீரபத்திரரின் பெயரால் அமைந்த இவ்வாசனத்தில், கால்களை அகலப் பரப்பி, ஒரு முழங்காலை மடித்து, கைகளை நீட்டி நிற்க வேண்டும். மடித்த முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேலே இருத்தல் அவசியம். இது தொடைகளுக்கு உரமூட்டும். திரிகோணாசனம் கால்களையும் விலாப்புறத்தையும் நீட்டி நெகிழ்விக்கும். தொடக்கத்தில் ஒவ்வொரு நிலையிலும் மூன்று அல்லது நான்கு மூச்சு நேரம் நின்றால் போதும்.

முதியோர் சுவரருகிலோ உறுதியான நாற்காலியைப் பற்றிக்கொண்டோ பயில வேண்டும். தலைச்சுற்றல், இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்வு, எலும்பு மெலிவு உடையோரும், கருவுற்ற தாய்மாரும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்று, தகுதியுள்ள ஆசிரியரின் முன்னிலையில் மட்டுமே பயிலுதல் நலம்.

பூனையின் தவம்

மாமல்லபுரத்துச் சிற்பத்தைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். தவசியைச் செதுக்கிய அதே பாறையில், கீழ்ப்புறத்தில், யானைகளுக்கு அருகில், பூனை ஒன்றையும் சிற்பி அமைத்துள்ளார். பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, தவசியைப் போலவே அதுவும் நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் கூடியிருக்கின்றன. தவம் செய்வதாக நடித்து எலிகளை நம்பவைத்து உண்ட பூனையின் கதை மகாபாரதத்தில் உத்தியோக பருவத்தில் வருகிறது.

தோற்றத்தைப் பூனையும் காட்டிவிடும் என்பதே சிற்பி நமக்கு உணர்த்தும் பாடம். ஒற்றைக் காலில் எத்தனை நேரம் நின்றோம் என்பதும், அவ்வாசனத்திற்கு எத்தனை ஆயிரம் ஆண்டு வயது என்பதும் பிறருக்குக் காட்டிப் பெருமை கொள்ளவே பயன்படும். நின்றபின் நம் உடல் திடம் பெற்றதா, மனம் அடங்கியதா, சொல்லில் வாய்மை நின்றதா என்பதே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

நம் ஆலயத்திற்கு வரும் ஒவ்வொரு முதியவரும் தூணைப் பற்றாமல் தீபாராதனையைக் கண்குளிரக் கண்டு, பிறர் கைத்தாங்கல் இன்றிப் பிரகாரம் வலம் வரும் நிலை எய்துவாராயின், அதனினும் இனிய காட்சி வேறு யாது? இளையோர் இன்றே தொடங்குக. முதியோர் சுவரைப் பற்றியேனும் தொடங்குக. நின்ற கோலத்தில் நமக்கு அருள்புரியும் இறைவன் நம் முயற்சிக்குத் துணை நிற்பானாக!